மைனஸ் முப்பதில் வண்டி ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது?

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிற யாரிடமாவது போய், "இன்ஜினைச் சூடாக்க ஒரு ஹீட்டர் இருக்குதுங்க, வாங்கிக்கறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அவர் பிழைப்பே சூட்டோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் டிரம் புகையும். தர்மபுரியில் பம்பு நாசில் பட்டறை வைத்திருக்கிற எனக்கும் பெரும்பாலும் அதே கதைதான். சித்திரை வெயிலில் வருகிற வண்டிகளைத் தொடக்கூட முடியாது, ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் பானெட்டைத் திறப்போம்.

ஆனால் அதே தொப்பூர் வழியாகப் போகிற சாலை எங்கே போய் முடிகிறது என்று யோசித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பழைய ஆட்கள் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்றே சொல்கிற அந்தச் சாலை இப்போது 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஒரு முனை கன்னியாகுமரி, மறு முனை ஸ்ரீநகர். மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். நல்லம்பள்ளியில் வண்டியை எடுத்து எங்கேயும் வேறு ரோடு பிடிக்காமல் வடக்கே ஓட்டிக்கொண்டே இருந்தால் பனிக்குள் போய் நிற்கலாம். நம்ம பக்கத்து லாரிகள் ஆப்பிள் லோடுக்காக அப்படித்தான் போய் நிற்கின்றன. ஸ்ரீநகரைத் தாண்டினால் சோஜிலா, திராஸ், கார்கில், லே. அங்கே லாரிக்காரர்களோடு பட்டாளத்துக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

என் சித்தப்பா பட்டாளத்தில் இ.எம்.இ. ஆள். துப்பாக்கியிலிருந்து டாங்கி வரைக்கும் எது பழுதானாலும் பார்க்கிற பிரிவு அது. செகந்திராபாத்தில் பயிற்சி. பிறகு வடக்கே பல இடங்கள், கடைசியில் சியாச்சின் பக்கமும் கொஞ்ச காலம். ஓய்வு பெற்று வந்து பாலக்கோட்டில் தக்காளி போடுகிறார். பட்டறைக்கு வந்தால் நான் வேலை செய்வதைப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் சொன்னதும், நான் தொழிலில் கற்றதும், கனடாவில் இருக்கும் ஒரு கூட்டாளி சொன்னதும் சேர்ந்து இந்தப் பதிவு. குளிரில் வண்டி கிளப்புவது பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வடக்கே லோடு எடுக்கிற தம்பிகளுக்காவது பயன்படட்டும்.

ஹீட்டர் என்ற சங்கதியே நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். டீசல் அம்பாசடர் ஓடிய காலத்து ஆட்களைக் கேளுங்கள். டெம்போ மெட்டடார் ஓட்டியவர்களைக் கேளுங்கள். காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் போட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் செல்ஃப். வத்தல்மலைக்கு ஏறுகிற பழைய ஜீப்பில் மார்கழி விடியற்காலையில் இதைத் தவறவிட்டால் வண்டி இருமிக்கொண்டே நிற்கும். "ஹீட்டர் போட்டியா?" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்.

அந்த ஹீட்டர் பிளக் செய்கிற வேலை சின்னது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தி, அது 500 டிகிரிக்கு மேல் சூடானதும் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். சிலிண்டர் சுவர் சில்லிட்டுக் கிடந்தால் அழுத்திய காற்றின் சூட்டைச் சுவரே உறிஞ்சிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒரு சின்னக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சுகிறோம். லேலண்ட், டாட்டா லாரிகளில் டீசலை நேராகப் பிஸ்டன் தலையிலேயே அடிப்பதால் நம்ம ஊர்க் குளிருக்கு இந்தக் கம்பி தேவைப்படவில்லை. அதனால்தான் லாரிக்காரர் ஹீட்டர் என்றால் சிரிக்கிறார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் பிளக் சூடாக்குவது எரிகிற இடத்தை மட்டும்தான். மைனஸ் இருபது, முப்பது என்று போகிற ஊரில் அது போதாது. அங்கே முதலில் சூடு கேட்பது ஆயில்.

ஆயில் டப்பாவில் 15 டபிள்யூ 40, 20 டபிள்யூ 40 என்று போட்டிருப்பார்கள். கடையில் வாங்கும்போது பின்னால் இருக்கிற 40-ஐத்தான் பார்ப்போம், ஏனென்றால் நமக்குச் சூடுதான் பிரச்சினை. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது. 20 டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்து, கிராங்க் சுற்றுகிற அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். 15 டபிள்யூவுக்கு மைனஸ் 20, 5 டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0 டபிள்யூவுக்கு மைனஸ் 35. அதற்கும் கீழே போனால் அந்த ஆயிலில் கிராங்க் சுலபமாகச் சுற்றும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. பசை போல் கெட்டியான ஆயிலுக்குள் கிராங்க் ஷாஃப்டைத் திருப்பச் செல்ஃப் மோட்டார் படுகிற பாடு ஒரு பக்கம். எப்படியோ வண்டி கிளம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், ஆயில் பம்பு அந்தக் கெட்டியை உறிஞ்சிப் பேரிங்குக்கு அனுப்பும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். வண்டி ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் தீர்ந்தது.

இன்னொரு பக்கம் பேட்டரி. நல்ல பேட்டரியே மைனஸ் 18 டிகிரியில் தன் பலத்தில் சுமார் பாதியைத்தான் கொடுக்கும். இன்ஜின் இரண்டு மடங்கு பலம் கேட்கிற அதே காலை வேளையில். இதில் பேட்டரி டவுனாக வேறு இருந்தால் ஆபத்து. முழு சார்ஜில் இருக்கிற பேட்டரியின் ஆசிட் மைனஸ் 60 வாக்கில்தான் உறையும், சார்ஜ் இறங்கின பேட்டரி மைனஸ் 10-க்கு முன்பே உறைந்து டப்பா வெடித்துவிடும். ராத்திரி கேபினில் லைட்டும் பாட்டும் போட்டுவிட்டுப் படுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

டீசல் கதை இன்னும் மோசம். மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிப் போகிறதே, டீசலும் அப்படித்தான். அதற்குள் இருக்கிற மெழுகு முதலில் கலங்கலாகத் தெரியும், பிறகு பொடிப்பொடியாகத் திரளும், அந்தப் பொடி ஃபில்டரில் போய் உட்காரும். டேங்கில் டீசல் இருக்கும், பம்புக்கு ஒரு சொட்டு வராது. இந்தியத் தர விதிப்படி சாதாரண டீசல் ஓடாமல் நிற்கிற வெப்பநிலை குளிர்காலத்துக்கு 3 டிகிரி வரை, கோடைக்கு 15 டிகிரி வரை இருக்கலாம். இரண்டுமே பூஜ்யத்துக்கு மேலே! மைனஸுக்கே போக வேண்டியதில்லை. நடைமுறையில் டீசல் அந்த வரம்பைவிட நன்றாகவே இருக்கும், ஆனாலும் லடாக் குளிரை அது தாங்காது.

அதனால்தான் அங்கே காலம் காலமாக டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் லடாக்குக்கென்றே குளிர்கால டீசல் தயாரித்து இறக்கியது. மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காது. சுதந்திரம் வாங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்தது என்றாலும், வந்ததே. சித்தப்பாவுக்கு இது பெரிய ஆதங்கம். "நாங்க இருக்கறப்ப இது வந்திருந்தா எத்தனை ஃபில்டர் மிச்சமாகியிருக்கும்" என்பார்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுகிற வழக்கம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திராஸ் பக்கம் விடியற்காலையில் லாரி லாரியாக அடியில் நெருப்பு எரிவதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சித்தப்பா சொல்வார். பழைய துணியை டீசலில் நனைத்து ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தி, டீசல் டேங்குக்கு அடியில் ஒன்று, ஆயில் சேம்பருக்கு அடியில் ஒன்று. சிலர் ப்ளோ லாம்ப் பிடிப்பார்கள். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பிடித்துக்கொள்ளாது என்கிற தைரியம். பழைய டாட்டா 1210 வண்டியில் எல்லாம் இரும்பு, சேம்பர் இரும்பு, டேங்க் இரும்பு, ஒயர் என்று இருப்பது நாலைந்து. அதில் தப்பித்தார்கள். இன்றைய பி.எஸ். 6 வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பிளாஸ்டிக் குழாய், சென்சார், ஒயர் கட்டு, பக்கத்திலேயே யூரியா கரைசல் ஊற்றுகிற பிளாஸ்டிக் டேங்க். அங்கே தீ வைப்பவரை டிரைவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

யூரியா டேங்க் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆட்ப்ளூ என்கிற அந்த யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இன்ஜின் கூலண்டின் சூட்டை வைத்தே அதை உருக்கிக்கொள்ளும்படிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். அது உறைந்ததால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகாது.

சரி, பெட்ரோல் வண்டிக்கு வருவோம். சித்தப்பாவின் செல்லப்பிள்ளை ஸ்னோ ஸ்கூட்டர்.

சியாச்சின் பனியாறு 76 கிலோமீட்டர் நீளம். 1984 ஏப்ரல் 13-ம் தேதி ஆபரேஷன் மேகதூத்தில் நம் ராணுவம் அங்கே ஏறியதிலிருந்து இறங்கவில்லை. அடிவார முகாமே 12,000 அடி வாக்கில் இருக்கிறது, மேலே உள்ள காவல் நிலைகள் 18,000 அடியைத் தாண்டியவை. குளிர் மைனஸ் 50 வரை இறங்கும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தூரத்து ஊர் இல்லை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி 19,600 அடியில் சோனம் நிலையில் பனிச்சரிவில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டம், 2004-க்கு முன்னால் என்றால் நம்ம தர்மபுரி மாவட்டமேதான்.

அந்தப் பனியாற்றின் மேல் மண்ணெண்ணெயும் ரேஷனும் கொண்டு போக ஹெலிகாப்டர், போர்ட்டர்கள், ஸ்னோ ஸ்கூட்டர் மூன்றும் வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ஒரு ரப்பர் பட்டை, நடுவில் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கயிற்றைப் பிடித்து இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், நம்ம வயல்களில் மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயரில் இருக்கிறதே, அதே ஏற்பாடு. ஸ்ப்ரேயர் முதல் இழுப்பில் கிளம்பாவிட்டால் இரண்டாவது இழுப்பு. அங்கே மூச்சு வாங்கும். ஒருவர் இழுத்து ஓய்ந்தால் அடுத்தவர் வருவார்.

"சித்தப்பா, பெட்ரோல்தான் மைனஸ் நாப்பதுல கூட உறையாதே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டேன்.

"உறையாதுடா. ஆனா ஆவியாகணுமில்ல? சில்லுன்னு இருக்கற பெட்ரோல் சொட்டுச் சொட்டாவே உள்ள போகும். பிளக் நனைஞ்சு போச்சுன்னா நீ நாள் முழுக்க இழுத்தாலும் கிளம்பாது. சோக்கை இழுத்து விட்டுட்டு வெறி புடிச்ச மாதிரி கயித்த இழுக்கற பசங்களை எத்தனை பேரப் பாத்திருக்கேன். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதுக்குச் சேவகம் பண்ணணும்."

அந்தச் சேவகம் முதல் நாள் சாயந்திரமே ஆரம்பித்துவிடும். வண்டியைப் பனியில் அப்படியே நிறுத்தினால் ஓடி வந்த சூட்டில் அடியில் பனி உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, ரப்பர் பட்டையைத் தரையோடு பிடித்துக்கொள்ளும். அதனால் பலகை மேல் ஏற்றி நிறுத்த வேண்டும். டேங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும், காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் கோத்துத் தண்ணீராகிக் குழாயில் ஐஸாக அடைத்துக்கொள்ளும். பிளக்கையும், இன்ஜினிலிருந்து பட்டைக்கு இழுவை கொடுக்கிற பெல்ட்டையும் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டு போய்விடுவார்கள். குளிரில் விறைத்த பெல்ட் முதல் இழுப்பிலேயே வெடித்துவிடும். பேட்டரி உள்ள வண்டி என்றால் பேட்டரியும் ஆளோடு உள்ளே படுக்கும்.

காலையில் பனிக்கட்டியைத் தட்டிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டி, சுவிட்சைப் போடாமலே கயிற்றை மெதுவாக இழுத்து கிராங்க்கை இளக்க வேண்டும். அப்புறம்தான் சூடு. கொதிக்கிற தண்ணீரை ஜெரிகேனில் ஊற்றி, இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே கம்பளியைப் போட்டு மூடிவிடுவாராம். தீ, ஸ்டவ் எதையும் பானெட் பக்கம் கொண்டு போக விடமாட்டார். பனியை உருக்கித் தண்ணீராக்கி அதைக் கொதிக்க வைக்க எவ்வளவு மண்ணெண்ணெய் ஆகும் என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் அதுதான் அங்கே கிடைத்த பாதுகாப்பான ஹீட்டர். கரண்ட் ஹீட்டர் வைக்கலாமே என்றால், கரண்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும், அந்த ஜெனரேட்டரை முதலில் யார் சூடாக்குவது?

வண்டி கிளம்பியதும் ஏறி உட்கார்ந்து முறுக்கக் கூடாது என்பதில் அவர் ரொம்பக் கறார். டூ ஸ்ட்ரோக்கில் அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் சூடாகிப் பெருக்கும். வெளியே சிலிண்டர் இன்னும் குளிர்ந்து சுருங்கியே கிடக்கும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் இன்ஜின் ஜாம் ஆவதை நாம் பார்த்திருக்கிறோம், குளிராலும் ஜாம் ஆகும். இதற்கு மேல் உயரம் வேறு. 18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். கார்பரேட்டர் அதே அளவு பெட்ரோலை விட்டால் கலவை கனத்துப் போய்ப் பிளக் கரி பிடிக்கும். அதனால் ஏறுகிற உயரத்துக்குத் தகுந்தபடி சின்ன ஜெட் மாற்ற வேண்டும். விரல் உறைந்து போகிற குளிரில், உறையைக் கழற்றாமல், கடுகு போன்ற ஜெட்டை மாற்றுகிற வேலையைச் சித்தப்பா சொல்லும்போது மட்டும் நான் குறுக்கே பேசுவதில்லை.

இந்த வண்டியைப் பெரிய அளவில் விற்றுக் காட்டியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்து மெக்கானிக் ஜோசப் ஆர்மாண்ட் பொம்பார்டியே. வால்கூர் என்கிற சின்ன ஊரில் பட்டறை வைத்திருந்தவர். 1934 குளிர்காலத்தில் பனி ரோட்டை மூடிவிட, அவருடைய இரண்டு வயது மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாமல் பறிகொடுத்தார். பனியில் ஓடுகிற வண்டி மேல் அவருக்கு அதற்கு முன்பே பித்து உண்டு, அதற்குப் பிறகு விடவே இல்லை. முதலில் பலர் உட்காரும் பெரிய வண்டிகள், 1959-ல் ஓரிருவர் மட்டும் ஏறிப் போகிற ஸ்கி டூ. பட்டறைக்காரன் என்கிற முறையில் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இன்ஜின் ஹீட்டரின் கதையும் அந்தப் பக்கம்தான். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்து கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் மின்சாரக் கூட்டுறவு நிறுவனம் ஒன்றை நடத்தியவர். சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹீட்டர் உள்ள போல்ட்டை முடுக்குவது அவர் யோசனை. 1949-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கரண்ட் விற்கிறவர் கரண்ட் தின்கிற சாமானைக் கண்டுபிடித்தார் என்று நக்கலாகச் சொல்லலாம்தான், ஆனால் அந்த ஊர்க் குளிரில் அது வேலை செய்தது.

என்னோடு பாப்பிரெட்டிப்பட்டியில் படித்த கூட்டாளி ஒருவன் எட்மன்டனில் இருக்கிறான். அவன் காரின் முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு பிளக் ஒயர் தொங்கும். முதலில் போட்டோவில் பார்த்தபோது கரண்ட் கார் என்று நினைத்தேன். "பெட்ரோல் கார்தாண்டா. ராத்திரி இதுக்கும் கரண்ட் குடுக்கணும்" என்றான். இன்ஜின் பிளாக்குக்குள் கூலண்டில் முங்கியிருக்கிற ஹீட்டர் அது. 400 வாட்டிலிருந்து 1000 வாட் வரை வரும். ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பது வீண் செலவு. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடும்படி டைமர் வைத்தால் போதும். 500 வாட் ஹீட்டர் நாலு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். அங்கே வாகனம் நிறுத்துகிற இடங்களில் கம்பத்துக்குக் கம்பம் இதற்கென்றே பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள்.

அவன் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலும் (ஸ்னோ ஸ்கூட்டர்தான்) பழையதாக வாங்கி வைத்திருக்கிறான், உறைந்த ஏரி மேல் ஓட்ட. அதற்கு அவன் ஒட்டியிருப்பது சிலிகோன் ரப்பர் பட்டை, உள்ளே கம்பி ஓடும், ஆயில் டேங்கின் அடியில் பசை போட்டு ஒட்டிவிட்டான். இருநூறு வாட்டுக்குள்தான். காந்தம் வைத்த ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டேன். சிரித்தான். ஸ்னோமொபைல் ஆயில் டேங்கு அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, காந்தம் எங்கே ஒட்டும்? நாமும் இன்றைய கார்களின் அலுமினியச் சேம்பரில் காந்தம் வைத்துப் பார்த்தால் இதே கதிதான். காற்றால் குளிர்கிற டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் கூலண்டும் கிடையாது, தனி ஆயில் சேம்பரும் கிடையாது, ஹீட்டரை ஒட்ட இடமே இல்லை. அங்கே தலைமுடி உலர்த்துகிற டிரையரையோ மண்ணெண்ணெய் ஊதுகிற ஹீட்டரையோ ஒரு குழாய் வழியாகப் பானெட்டுக்குள் விட்டு, மேலே போர்வை போட்டு மூடுகிறார்கள். சித்தப்பாவின் ஜெரிகேனும் அதே சாஸ்திரம்தான்.

கரண்டே இல்லாத இடத்துக்கு இன்னொரு வகை. வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் என்று ஜெர்மன் கம்பெனிகள் செய்கிற ஹீட்டர் வண்டியின் டீசலையே கொஞ்சமாக எரித்துக் கூலண்டைச் சூடாக்கும். பேட்டரியிலிருந்து அது எடுப்பது சின்ன மோட்டாருக்கான கரண்ட் மட்டும். அதுவும் கிடைக்காத காலத்தில் அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டியவர்கள் ராத்திரி இன்ஜின் ஆயிலை வாளியில் வடித்து வீட்டுக்குள் கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலையில் சூடாக ஊற்றுவார்கள். சைபீரியாவின் யாக்குட்ஸ்க்கில் வெளியே நிற்கிற காரை நிறுத்துவதே இல்லை, கடைக்குள் போனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இது எனக்கு உடன்பாடில்லை. மணிக்கணக்கில் ஐடிலில் ஓடுகிற இன்ஜினில் எரிபொருள் முழுதாக எரியாமல் ஆயிலில் இறங்கி ஆயிலையே கெடுத்துவிடும். குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற ஸ்னோ பைக்காரர்களும் அடிக்கடி இன்ஜினை நிறுத்தாமல் வைத்திருப்பார்கள், அவர்கள் சவாரிக்குச் சவாரி போகிறவர்கள், அது வேறு கணக்கு.

இப்போது நம்ம லாரிக்கு வருகிறேன். போன ஜனவரியில் பெரியப்பா பையன் காஜிகுண்டில் மாட்டிக்கொண்டான். லஸ்ஸிபோரா குளிர்பதனக் கிடங்கில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பனியில் ரோடு அடைத்துவிட்டது. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைக் காஷ்மீரில் சில்லை கலான் என்பார்கள், குளிர் உச்சத்தில் இருக்கிற காலம். விடியற்காலையில் போன். "அண்ணா, செல்ஃப் அடிக்குது, வண்டி எழுந்திருக்க மாட்டேங்குது. பக்கத்து வண்டிக்காரங்க ஆப்பிள் பெட்டிய ஒடச்சு டேங்குக்கு அடில தீ போட்டுட்டு இருக்காங்க. நானும் போடட்டுமா?"

"கைய வைக்காத. செல்ஃபையும் விடு. வெயில் வரட்டும்."

பேட்டரியைக் கழற்றி, தங்கியிருந்த ஓட்டலுக்குள் நெருப்புக்குத் தள்ளி ஒரு மூலையில் வைக்கச் சொன்னேன். வெந்நீரை பாட்டில்களில் நிரப்பி டீசல் ஃபில்டரைச் சுற்றி வைத்துக் கம்பளியால் கட்டச் சொன்னேன். நேராக வெந்நீரை ஊற்றினால் அது ஒயரிலும் கனெக்டரிலும் இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஐஸாகிப் புதுத் தலைவலி கொடுக்கும். ஃபில்டர் இளகியதும் கையால் பிரைமர் அடித்து டீசல் வருகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் செல்ஃப். அதையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, நடுவில் இரண்டு நிமிடமாவது ஓய்வு. பதினோரு மணி வாக்கில் வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு வண்டி கிளம்பியது. தீ போட்டவர்களில் சிலர் அவனுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்தால் என்ன என்று அவனும் கேட்டான், பலரும் கேட்கிறார்கள். பழைய பம்பு தாங்கியது. இன்றைய காமன் ரெயில் பம்புக்கு டீசலே உயவு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு, பம்பு தேய்ந்து தூள் இறங்கினால் இன்ஜெக்டர் வரைக்கும் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவு எவ்வளவு என்று என் பட்டறையில் வந்து கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பதில், டேங்கில் இருக்கிற தெற்கத்தி டீசலைப் போகும்போதே காலி செய்துவிட்டு, குளிர்ப் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் அங்கத்திய பங்கில் நிரப்புங்கள். அந்தப் பருவத்துக்கு ஏற்ற டீசல் அங்கேதான் கிடைக்கும்.

ஊருக்கு வந்ததும், "அண்ணா, அந்த கனடா ஹீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டிரலாமா?" என்றான். மாட்டலாம். ஒயரை எங்கே சொருகுவாய் என்று கேட்டேன். ரோட்டோரம் நிற்கிற லாரிக்குக் காஜிகுண்டில் யார் பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள்? டீசலில் எரிகிற ஹீட்டர் நல்ல சாமான்தான். குளிர்காலம் பூராவும் கார்கில், லே என்று ஓடுகிற வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். வருடத்தில் எப்போதாவது பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்புகிற ஆப்பிள் வண்டிக்கு அந்தப் பணத்தைப் போடுவது வேண்டாத வேலை. அந்தக் குளிருக்கு 15 டபிள்யூ 40 ஆயில் போதும். பேட்டரி புதிதாக இருக்க வேண்டும், ஃபில்டர் ஒன்று கூடுதலாகக் கேபினில் கிடக்க வேண்டும், கூலண்ட் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கூலண்டில்தான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணீர் பூஜ்யத்திலேயே உறைந்து பெருத்து இன்ஜின் பிளாக்கைப் பிளந்துவிடும். கோடையில் தொப்பூர் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்தக் கலவை எங்கேயோ போயிருக்கும். தம்பி வண்டியில் எடுத்து ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், காஜிகுண்டில் பிளாக் தப்பித்ததே பெரிய விஷயம். பேட்டரியை மாற்றிவிட்டான். அடுத்த லோடுக்கு முன்னால் வண்டியைப் பட்டறையில் விடச் சொல்லியிருக்கிறேன், இருப்பதை வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து நானே ஊற்றப் போகிறேன்.